மாப்பிள்ளை அழைப்பும் ஹீட்டர் வால்வும்

பெங்களூரில் காருக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. காரில் ஒரு பொருளை வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றால் அது வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கொள்கையால் ஆஸ்டின் டவுனில் என் ஷெட்டில் வேலை மெதுவாக நடக்கும், எதிரே மஞ்சுநாத்தின் ஷெட்டில் வேகமாக நடக்கும். மஞ்சுநாத் எதையும் ரிப்பேர் செய்ய மாட்டான். கெட்டுப்போனதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, அது இல்லாமலே வண்டி ஓடும்படி செய்து அனுப்பிவிடுவான். அவனிடம் நான்கு முறை போய்வந்த காரில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் மிச்சமிருந்தால் பெரிய விஷயம். ஆனாலும் ஜனங்கள் அவனிடம்தான் போகிறார்கள். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று என் மனைவியிடம் அடிக்கடி சொல்லியிருக்கிறேன்.

சுந்தரமூர்த்தி அண்ணன் என்னிடம் வந்தது 1996 மே மாதம். அதுவரை மின்விசிறியே வாங்காத வீடுகளில்கூட அந்த மாதம் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் எங்கள் தெருக்கோடியில் குடியிருந்தவர். இருபத்திரண்டு வருடம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி மேனேஜருக்கு டிரைவராக இருந்தார். அந்த மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய ஜெர்மன் டீசல் காரை அண்ணனுக்கே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஒண்டுக் குடித்தனத்து வாசலில், காரின் பாதி நீளமே உள்ள வீட்டுக்கு முன்னால், அந்தக் கார் பன்னிரண்டு வருடமாகத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. அண்ணன் தினமும் அதைத் துடைப்பார். ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று ஓட்டுவார். ஓட்டிவிட்டு இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

காரணம் ஹீட்டர். அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் சூடாகும். முன்னால் இருக்கும் பெரிய ரேடியேட்டர் அந்தச் சூட்டை வெளியே தள்ளும். கூடவே ஒரு கிளைக்குழாய் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்குப் போகும். குளிர் தேசத்தில் அதன் வழியாகக் காற்று வந்து உள்ளே இருப்பவர்களுக்குக் கதகதப்புக் கொடுக்கும். நடுவில் ஒரு வால்வு இருக்கும். வீட்டுத் தண்ணீர்க் குழாயின் திருகு மாதிரிதான், வேண்டாம் என்றால் மூடிக்கொள்ளலாம். அண்ணன் காரில் அந்த வால்வு திறந்தபடியே இறுகிப்போயிருந்தது. எட்டு வருடமாக மே மாதத்திலும் உள்ளே இருப்பவர்களுக்குக் கதகதப்புக் கிடைத்துக்கொண்டிருந்தது.

எட்டு வருடம் பொறுத்தவர் இப்போது ஏன் வந்தார் என்றால், அவருடைய மகள் விஜிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கிஷோர், ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற சூப்பர்வைசர். சொந்த ஊர் ஆரணிப் பக்கம். அப்பா இல்லாத பையன். சித்தப்பா ஸ்ரீகண்டன்தான் அவர்கள் தரப்பில் எல்லாம். நிச்சயதார்த்தத்துக்கு வந்த அந்தச் சித்தப்பாவை அண்ணன் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனிலிருந்து இந்தக் காரில்தான் கூட்டிவந்தார். சித்தப்பா முன்சீட்டில் உட்கார்ந்து, கொண்டுவந்த மைசூர்பாக்கு டப்பாவைக் காலடியில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தபோது மைசூர்பாக்கைக் கரண்டியால் எடுக்க வேண்டியிருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோவிலில் மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு போட்டு, மாலை போட்டு, காரில் ஏற்றி, பேண்ட் வாத்தியத்தோடு மண்டபத்துக்கு ஊர்வலமாகக் கூட்டிவர வேண்டும். தன் காரில், தானே ஓட்டிக் கூட்டிவருவேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். பெண்ணைப் பெற்றவர் டிரைவர் சீட்டில் உட்காருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். மைசூர்பாக்கையும் மறக்காமல் சொல்லியிருக்கிறார். பேசிப் பேசிக் கடைசியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. சித்தப்பா ஒரு வாடகைக் கார் ஏற்பாடு செய்வார், சீரியல் பல்பு போட்டது. அது பின்னாலேயே காலியாக வரும். அண்ணனுடைய கார் வழியில் எங்கேயாவது மக்கர் செய்தால் மாப்பிள்ளை இறங்கி அதில் ஏறிக்கொள்வார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அண்ணன் என் ஷெட்டில் டயர் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீ சொன்னேன்.

"இருவத்திரண்டு வருசம் இந்த வண்டில பின்னாடி யார் யாரையோ உக்கார வெச்சு ஓட்டிருக்கேன், ஆதி. போன்னா போவேன், நில்லுன்னா நிப்பேன். எம் மாப்பிள்ளைய நானா ஆசைப்பட்டு ஒரு தரம் கூட்டிட்டு வரணும். பாதி ரோட்ல அவர் எறங்கி வேற வண்டில ஏறிட்டார்னா, அப்புறம் நான் இந்த வண்டியத் தொடவே மாட்டேன்."

கூடவே இன்னொன்றும் சொன்னார். கிஷோர் அவரை 'சார்' என்று கூப்பிடுகிறாராம். தொழிற்சாலையில் எல்லோரையும் அப்படிக் கூப்பிட்டுப் பழகியிருப்பார் என்று நான் சமாதானம் சொன்னேன். அண்ணன் தலையாட்டினார். வெள்ளைக்காரரைத் தான் கூப்பிட்டதும் அப்படித்தான் என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, அதனால் எழுந்து போய் பானட்டைத் திறந்தேன்.

அதற்குள் மஞ்சுநாத் ரோட்டைக் கடந்து வந்துவிட்டான். அடுத்தவன் ஷெட்டில் பானட் திறந்தால் அவனுக்குக் கால் நிற்காது. எட்டிப் பார்த்து, தன் கன்னடம் கலந்த தமிழில், "சும்னே லூப் போட்டு உடு குரு, அரை ஹவர் வேலை. பெங்களூர்ல யாருக்கு ஹீட்டர்?" என்றான். லூப் என்றால், குட்டி ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் கழற்றி, ஒன்றோடொன்று சேர்த்து ஒரு கிளிப் போட்டுவிடுவது. சுடுதண்ணீர் ஹீட்டர் பக்கமே போகாது. இந்த ஊரில் ஓடுகிற பழைய கார்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் ஓடுகின்றன. நான் அவனிடம், வலிக்கிற பல்லுக்கு வாயையே தைத்துவிடுவாயா என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவனுக்குக் கோபமே வராது, அது இன்னும் எரிச்சல்.

வால்வைக் கழற்ற ஒரு நாள் ஆனது. உள்ளே பித்தளைத் தண்டு அசையவே இல்லை. அதைச் சுற்றிக் களிமண் மாதிரி மஞ்சளாக ஏதோ இறுகிப்போய் அப்பியிருந்தது. கத்தியால் சுரண்டி எடுத்து, துரு என்று முடிவு செய்து, பழைய துணியில் துடைத்துப் போட்டேன். துரு அந்த நிறத்தில் இருக்காது என்பது முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. ஆனால் என் மனசெல்லாம் வால்வின் மேலேயே இருந்தது.

புது வால்வு கிடைக்குமா என்று சிவாஜிநகருக்குப் போனேன். பழைய பாகங்கள் விற்கிற பாய் ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துக் காட்டினார். இருபது வால்வுகள் இருந்தன, ஒன்றும் இதற்குப் பொருந்தாது. பாயும் லூப் போடச் சொன்னார். டின்னை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, லேத் பட்டறைக்குப் போய்ப் புதுத் தண்டு கடைந்து வாங்கினேன். பாய்லருக்குப் போடுகிற தடித்த ரப்பர் ஷீட்டில் ஒரு வட்டம் வெட்டி, உள்ளே உட்காரும் வாஷர் செய்தேன். அறுந்துபோன இழுகம்பிக்குப் பதில் சைக்கிள் பிரேக் ஒயர் போட்டேன். மொத்தம் நாலு நாள். டேஷ்போர்டில் இருக்கும் சின்னக் குமிழை இடப்பக்கம் தள்ளினால் மூடும், வலப்பக்கம் தள்ளினால் திறக்கும். நூறு தரம் தள்ளிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

காலை ஆறு மணிக்கு அண்ணனை உட்கார வைத்து ரிச்மண்ட் ரோடு வரை போய்வந்தோம். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அண்ணன் கையைக் காற்று வரும் இடத்தில் வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்தார்.  நான் சூடு காட்டுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாகக் கால்வாசியில் நிற்கும் முள் பாதியைத் தாண்டி நின்றது. இதுவரை ஹீட்டர் பாதிச் சூட்டைத் தின்றுகொண்டிருந்தது, இப்போதுதான் இன்ஜின் தன் சரியான சூட்டுக்கு வந்திருக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அந்த விளக்கத்தில் பாதி சரி.

மாப்பிள்ளை அழைப்பு அன்று மாலை நாலரை மணிக்கு அவர்கள் வீட்டு வாசலுக்குப் போனேன். கார் அலங்காரத்தில் நின்றது. ரோஜாவும் சம்பங்கியும் பானட் முழுக்க. முன்னால் ரேடியேட்டருக்குக் காற்றுப் போகிற ஜாலியை முழுசாக மறைத்து, 'கிஷோர் – விஜி' என்று எழுதிய தெர்மாகோல் பலகையைக் கட்டியிருந்தார்கள். அண்ணனின் மனைவி அம்புஜம் காருக்குப் பூஜை போட்டுக்கொண்டிருந்தார். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். பொட்டு வைத்தார், சூடம் காட்டினார், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அப்புறம் பானட்டைத் தூக்கச் சொல்லி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஒரு கரண்டி மஞ்சள் தூளை உள்ளே போட்டார்.

நான் அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கேட்டதற்கு அண்ணி சாதாரணமாகச் சொன்னார். 1986-இல் திருப்பதி போகும்போது வழியில் ரேடியேட்டர் ஒழுகியது. லாரிக்காரர் ஒருவர் மஞ்சள் தூள் போடச் சொன்னார். போட்டதும் ஒழுகல் நின்றது. மலையேறிச் சாமி பார்த்துவிட்டு வந்தார்கள். அண்ணி நன்றி மறக்கிற ஜாதி இல்லை. அதிலிருந்து ஆயுத பூஜைக்கு ஒரு கரண்டி, பொங்கலுக்கு ஒரு கரண்டி, நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் ஒரு கரண்டி.

"பத்து வருசமாவா, அண்ணி?" என்றேன்.

"ஒரு வருசம் உட்டதில்ல," என்றார்.

நான் துரு என்று துடைத்துப்போட்டது எது என்று அப்போது தெரிந்தது. பத்து வருட மஞ்சள் அந்தப் பெரிய ரேடியேட்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அதன் குழாய்கள் சப்பையானவை, மெல்லியவை. பாதிக்கு மேல் அடைத்திருக்கும். ஹீட்டரின் குட்டி ரேடியேட்டரில் குழாய்கள் பெரியவை, அதனால் அது தப்பித்திருக்கிறது. எட்டு வருடமாக அந்த இன்ஜினைக் கொதிக்காமல் காப்பாற்றிவந்தது மூட முடியாத அந்த ஹீட்டர்தான். நான் போய் அதை மூடியிருக்கிறேன், ஒரு சொட்டு ஒழுகாமல்.

ரேடியேட்டரைக் கழற்றி அலச மூன்று மணி நேரமாவது வேண்டும். ஐந்தரைக்குக் கார் கோவிலில் இருக்க வேண்டும். அதற்குள் அண்ணன் புதுச் சட்டை போட்டு வெளியே வந்துவிட்டார். தலைமுடிக்கு மை போட்டிருந்தார், காதோரம் கொஞ்சம் ஒழுகியிருந்தது. என்னைப் பார்த்து, "இன்னிக்கி மைசூர்பாக்கு வெச்சாக்கூட கெட்டியா இருக்கும்," என்று சொல்லிச் சிரித்தார். அவர் ஜோக் சொல்லி நான் கேட்டதே இல்லை. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயில் அண்ணி கேசரியை வைத்தார். அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. அண்ணன் மேல் இருந்த இரக்கத்தால் பேசாமல் இருந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில், மஞ்சுநாத் காதுக்கு இது போகுமே என்பதுதான் முதலில் வந்த நினைப்பு.

கோவிலிலிருந்து மண்டபத்துக்கு ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. நடந்தால் பத்து நிமிடம். மாப்பிள்ளை அழைப்பில் அது ஒன்றேகால் மணி நேரம், ஏனென்றால் பேண்ட்காரர்கள் ஒவ்வொரு முக்கிலும் நின்று வாசிப்பார்கள், சொந்தக்காரர்கள் ஒவ்வொரு முக்கிலும் ஆடுவார்கள். கார் நத்தை வேகத்தில் வரும், நிற்கும், மறுபடி ஊரும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் காற்றடிக்காது. கார் கொதிக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை யாராலும் யோசிக்க முடியாது.

பின்சீட்டில் கிஷோர், சாம்பல் நிறக் கோட்டு சூட்டு, கழுத்து நிறைய மாலை. முன்சீட்டில் ஸ்ரீகண்டன் சித்தப்பா, பட்டுச் சட்டை. டிரைவர் சீட்டில் அண்ணன். பின்னால் பத்தடி தள்ளி அந்த வாடகைக் கார், சீரியல் பல்பு மினுக்க, ஆளில்லாமல். நான் அண்ணனின் ஜன்னலை ஒட்டிக் கையில் ஒரு தண்ணீர் கேனோடு நடந்தேன். கேனால் பிரயோஜனம் இல்லை. சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் ஆளுயரத்துக்குப் பீறிடும். கையில் ஏதாவது இருக்கட்டும் என்று தூக்கிக்கொண்டேன்.

முதல் முக்கில் முள் பாதியில் இருந்தது. இரண்டாவது முக்கில் மாப்பிள்ளையின் நண்பர்கள் பத்துப் பேர் ஆட ஆரம்பித்தார்கள், முடிக்கவே இல்லை. முள் முக்காலுக்கு வந்தது. நான் முன்னால் போய் அந்தத் தெர்மாகோல் பலகையைப் பிய்த்தெடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண்மணி ஒருவர் ஏன் என்று கேட்டார். கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தால் எல்லோரும் பெயரைப் படிப்பார்கள் என்று அவரிடமே கொடுத்துவிட்டேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. கடைசி வரை தூக்கிக்கொண்டு வந்தார்.

மூன்றாவது முக்கு வருவதற்குள் முள் சிவப்பைத் தொட இரண்டு நூல்தான் பாக்கி. பானட் பூக்களுக்கு நடுவிலிருந்து வெந்த சம்பங்கி வாசனை வந்தது. அண்ணனும் முள்ளைப் பார்த்துவிட்டார். நான் ஜன்னலில் குனிந்தேன். இதற்கு மேல் மறைக்க எனக்குத் தெம்பு இல்லை.

"அண்ணே, பெரிய ரேடியேட்டர் அடைச்சிருக்கு. எனக்கு நாலரை மணிக்கே தெரியும், சொல்லல, என் தப்பு. ஹீட்டரத் தெறந்து உடுங்க. ஃபேன ஃபுல்லா வைங்க. அது ஒண்ணுதான் வழி."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் எனக்கு ஞாபகமிருக்கிறது. திட்டியிருந்தால் தேவலை. ஒரு பக்கம் கோட்டுப் போட்ட மாப்பிள்ளை, மே மாதம், மூடின ஹீட்டரைத் தன் கையால் திறக்க வேண்டும். இன்னொரு பக்கம் பின்னால் மினுக்கிக்கொண்டு வரும் அந்தக் கார். அவர் கை குமிழுக்குப் போனது, அங்கேயே நின்றது. பிறகு வலப்பக்கம் தள்ளினார். ஃபேன் சுவிட்சைக் கடைசி வரை திருப்பினார்.

கப்பென்று அடித்தது. வெளியே நின்ற என் முகத்திலேயே அடுப்பைத் திறந்த மாதிரி பட்டது என்றால் உள்ளே எப்படி இருந்திருக்கும். நேராக சித்தப்பாவின் முழங்காலில்தான் காற்று இறங்கியது.

சித்தப்பா குனிந்து காலைப் பார்த்தார். அப்புறம் அண்ணனைப் பார்த்தார். "ரிப்பேர் பண்ணியாச்சுன்னு சொன்னீங்களே," என்றார்.

அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது.  வண்டியை ஓரம் கட்டிவிடலாம் என்று அவர் முடிவு செய்துவிட்டது எனக்குத் தெரிந்தது, கால் பிரேக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. சித்தப்பாவும் கதவுப் பிடியில் கை வைத்துவிட்டார். பின்னால் வாடகைக் காரின் டிரைவர் சிகரெட்டைத் தூர எறிந்தான்.

அப்போது பின்சீட்டிலிருந்து கிஷோர் முன்னால் சாய்ந்தார். மாலை இடித்தது, அதை ஒதுக்கிக்கொண்டு டேஷ்போர்டை எட்டிப் பார்த்தார். தரம் பார்க்கிற வேலை. நாள் முழுக்க முள்ளைப் பார்த்துத்தான் அவருக்குச் சம்பளம். முள்ளைப் பார்த்தார், வலப்பக்கம் தள்ளியிருந்த குமிழைப் பார்த்தார், ஜன்னலில் நின்ற என் கேனைப் பார்த்தார். விளங்க அவருக்கு நாலு நொடிகூட ஆகவில்லை.

"எவ்ளோ நேரத்துல எறங்கும்?" என்று என்னிடம் கேட்டார்.

அஞ்சு நிமிடம், நிற்காமல் போனால் இன்னும் சீக்கிரம் என்றேன்.

அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நண்பர்களிடம் ஆட்டம் போதும், நடங்கள் என்றார். பேண்ட்காரர்களிடமும் முக்கில் நிற்காமல் வாசித்துக்கொண்டே போகச் சொன்னார். மாப்பிள்ளையே அவசரப்படுகிறார் என்று ஒரே சிரிப்பு. பிறகு கோட்டுப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு பழையபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். சித்தப்பா கோட்டையாவது கழற்று என்றார். போட்டோ எடுக்கிறார்கள், மாமனார் வீட்டுக் கோட்டு, இருக்கட்டும் என்றார் கிஷோர். சித்தப்பா கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, மண்டபம் வரும் வரை நேராக ரோட்டைப் பார்த்தபடி வந்தார்.

முள் முதலில் நின்றது. பிறகு இறங்கியது, நூல் நூலாக. நான் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கிஷோரின் நெற்றியில் வைத்திருந்த சந்தனம் கரைந்து மூக்கு நுனி வரை வந்தது. கழுத்திலிருந்து வேர்வை மாலைக்குள் இறங்கியது. ஓரமாக நின்று பார்த்த பெண்கள், பாவம், பையனுக்கு ரொம்பப் பயம் போல என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் ஷெட்டைத் தாண்டும்போது மஞ்சுநாத் வாசலில் நின்றிருந்தான். உள்ளேயிருந்து அடித்த காற்று அவன் மேலும் பட்டிருக்க வேண்டும். என்னையும் கேனையும் பார்த்துச் சிரித்தான். அவனுடைய லூப்பைப் போட்டிருந்தால் திறப்பதற்கு ஹீட்டரே இருந்திருக்காது, கார் மூன்றாவது முக்கிலேயே ஆவி கக்கியிருக்கும் என்று அவனுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. நடந்துகொண்டே சொல்லக்கூடிய அளவுக்குச் சின்ன விஷயம் இல்லை, விட்டுவிட்டேன்.

கார் ஒரு இடத்திலும் மக்கர் செய்து நிற்கவில்லை. பிள்ளையார் கோவிலில் கிளம்பியது, மண்டபத்து வாழை மரங்களுக்கு நடுவில்தான் நின்றது. வாடகைக் கார் வந்தது மாதிரியே காலியாக வந்து நின்று, பல்பை அணைத்தது.

அண்ணி ஆரத்தித் தட்டோடு படியில் நின்றார். அண்ணன் இன்ஜினை ஓடவிட்டபடியே அவசரமாகக் கதவைத் திறந்து இறங்கப் போனார். எதற்கு என்று எனக்குத் தெரியும். கார் நின்றால் டிரைவர் இறங்கி, சுற்றிக்கொண்டு ஓடி, பின்கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் தினமும் செய்தது, கால் தானாகப் போகிறது. பெண்ணின் அப்பா அப்படிச் செய்யக்கூடாது என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும் என்று நான் நினைத்தேன். 

ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டார். பின்னாலிருந்து அவர் தோளில் ஒரு கை விழுந்தது. கோட்டுக் கை, மணிக்கட்டு வரை நனைந்திருந்தது.

"நீங்க உக்காருங்க மாமா. நானே தொறந்துக்கறேன்."

கிஷோர் தானே கதவைத் திறந்து இறங்கினார். ஆரத்தி எடுத்தார்கள். கேமராக்காரன் முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொன்னான், சந்தனம்தான் மாப்பிள்ளை முகம் முழுக்கப் பரவியது. சித்தப்பா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். ஜன்னலருகில் குனிந்து, "வண்டி நிக்கலைங்க," என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எல்லோரும் போன பிறகும் அண்ணன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஹீட்டர் முழு வேகத்தில் அவர் மேல் அடித்துக்கொண்டிருந்தது. தலைமுடி மை வேர்வையோடு சேர்ந்து புதுச் சட்டைக் காலரில் கறுப்பாக இறங்கியது. கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது, அதை அவர் துடைக்கவில்லை, மறைக்கவும் இல்லை. மாமான்னு சொன்னார், கேட்டியா என்று என்னிடம் கேட்டார். கேட்டேன் என்றேன்.

முள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டு இன்ஜினையும் ஃபேனையும் அணைத்தேன், குமிழை இடப்பக்கம் தள்ளினேன். லேசாக நகர்ந்து மூடியது.